டார்கிங் மலையடிவாரத்தில் ஒரு காவிரிக்காரர்... ஆர்தர் காட்டனின் கதை!

சைக்கிள் ஓட்டுற ஆளா நீங்க? அப்போ ஒரு விஷயம் உங்க முட்டிக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும். கண்ணுக்குச் சமதளமா தெரியுற ரோடு, காலுக்குச் சமதளமா இருக்காது. பைக்கில் போகும்போது கவனிக்கவே கவனிக்காத ஒரு சின்ன மேடு, சைக்கிளில் போகும்போது மூச்சு வாங்க வைக்கும். திரும்பி வரும்போது அதே இடத்தில் பெடல் போடாமலே வண்டி உருளும். சரிவுன்னா என்னன்னு கண்ணைவிடக் காலுக்குத்தான் சீக்கிரம் புரியும்.

ஆற்றுத் தண்ணிக்கும் அப்படித்தான். எந்தப் பக்கம் ஓர் அடி பள்ளமோ, அந்தப் பக்கம் போயிடும். அந்த ஓர் அடியைக் கண்டுபிடிக்கிறதுலயே வாழ்க்கையைக் கழித்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் ஆர்தர் காட்டன். தஞ்சாவூர் பக்கம் உங்க தாத்தா வயலில் நெல் விளைஞ்சிருந்தா, அதில் இவருக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு.

முதல்ல இங்கிலாந்து போவோம்

லண்டனுக்குத் தெற்கே, சர்ரே மாவட்டத்தில் டார்கிங்னு ஒரு சின்ன ஊர். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் குன்றுகள், நடுவில் மோல் என்கிற குட்டி ஆறு. ஊரை ஒட்டியே பாக்ஸ் ஹில். இங்கிலாந்தில் சைக்கிள் டூர் போறவங்க கிட்ட இந்தப் பெயரைச் சொன்னாலே கண் விரியும். குன்றின் மேல் வளைந்து வளைந்து ஏறும் ஸிக்ஸாக் ரோடு ரொம்பப் பிரபலம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சாலை சைக்கிள் பந்தயம் நடந்தப்போ, ஆண்கள் இந்த பாக்ஸ் ஹில் சுற்றை ஒன்பது முறை ஏறி இறங்கினாங்க. பெண்கள் இரண்டு முறை. வீக்எண்டு ஆனா இன்னிக்கும் லண்டன்காரங்க கூட்டம் கூட்டமா சைக்கிளோட வந்து நிக்கிற இடம் இது.

அந்த ஏற்றம் சுமார் இரண்டரை கிலோமீட்டர் தூரம். அதுக்குள்ள ஏறக்குறைய 120 மீட்டர் உயரம் ஏறிடுவீங்க.

இப்போ காவிரிக்கு வாங்க. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 80 மீட்டர் உயரத்தில் இருக்கு. அங்கிருந்து பூம்புகாரில் கடலைத் தொட 150 கிலோமீட்டருக்கு மேல ஓடணும். ஒரு சைக்கிள்காரர் டார்கிங் பக்கத்தில் கால் மணி நேரத்தில் ஏறி முடிக்கிற உயரம்கூட, காவிரிக்கு மொத்த டெல்டாவையும் கடக்கக் கிடைக்கலை. கிலோமீட்டருக்கு அரை மீட்டர் அளவுக்குத்தான் சரிவு. அந்த அரை மீட்டரை நம்பித்தான் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைன்னு அத்தனை ஊர் வயலும் இருக்கு.

அந்தச் சரிவைப் படித்துப் பார்த்த மனிதர் கடைசியில் அடங்கியிருப்பது டார்கிங் கல்லறைத் தோட்டத்தில். ஒலிம்பிக் சைக்கிள்காரங்க அந்த ஊர் வழியாத்தான் பறந்து போனாங்க. ஒரு காவிரிக்காரர் அங்கே தூங்கிக்கிட்டிருக்கார்னு அதில் எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்?

15 வயதில் ராணுவப் பள்ளி

ஆர்தர் காட்டன் பிறந்தது 1803-ம் ஆண்டு மே 15. பதினோரு ஆண் பிள்ளைகள் உள்ள வீட்டில் பத்தாவது பையன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பத்தாவது பையனுக்குச் சொத்து, பதவின்னு பெருசா எதுவும் மிஞ்சாது. வேலையைத் தேடித்தான் போகணும். 15 வயதில், கிழக்கிந்திய கம்பெனி தன் ராணுவ அதிகாரிகளைத் தயார்செய்த அடிஸ்கோம்ப் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்து பொறியாளர் படை.

அவருடைய முதல் வேலை வேல்ஸின் மலைப்பகுதியில். பேங்கர் என்கிற ஊர்ப் பக்கம் நில அளவை. எந்த இடம் உயரம், எந்த இடம் பள்ளம், தண்ணி எந்தப் பக்கம் வடியும்னு அளந்து எழுதுறதுதான் வேலை. மலைநாட்டில் அளக்கக் கத்துக்கிட்ட அந்தக் கண்ணோட, 1821-ல் அவரைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினாங்க. அப்போ வயது 18.

இங்கே வந்ததும் ஏரிகளைப் பார்த்துக்கொள்ளும் துறையில் உதவிப் பொறியாளர் வேலை. தென் மாவட்டங்களின் கண்மாய்களையும் ஏரிகளையும் சுற்றிப் பார்த்தார். பாம்பன் கால்வாயில் கப்பல் போக வழியிருக்கான்னு அளந்தார். பல வருஷம் குதிரையிலும் கால்நடையாகவும் ஊர் ஊராத் திரிஞ்சதில், இந்த மண்ணில் தண்ணியை எப்படிப் பிடித்து வைக்கிறாங்கன்னு நேரில் பார்த்துக் கத்துக்கிட்டார்.

1828-ல் கேப்டன் ஆனார். காவிரியை ஆராயும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அப்போ அவருக்கு 25 வயது. உங்க வயசு, இல்லைன்னா உங்க அண்ணன் வயசு.

காவிரிக்கு என்ன பிரச்னை?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமா ஓட்டுவோம். இதைப் புரிஞ்சிக்கிட்டாதான் மீதிக் கதை புரியும்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரியுது. தெற்குப் பக்கம் போவது காவிரி. வடக்குப் பக்கம் போவது கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. தீவு முடியுற இடத்தில் இரண்டு ஆறும் மறுபடி பக்கத்தில் நெருங்கி வரும். அங்கேதான் கல்லணை இருக்கு.

காவிரிதான் வயலுக்குத் தண்ணி கொண்டுபோற ஆறு. அதிலிருந்து வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறுன்னு கிளை கிளையாப் பிரிந்து கடைமடை வரைக்கும் போகும். கொள்ளிடம், வெள்ளத்தை வாங்கி நேராகக் கடலில் விடுற வடிகால். சிக்கல் என்னன்னா, கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம். படுகையும் தாழ்வு. கொஞ்சம் விட்டாலும் தண்ணி அந்தப் பக்கம்தான் இறங்கும். காவிரியில் தண்ணி குறையக் குறைய வேகமும் குறையும். வேகம் குறைஞ்சா மணலும் வண்டலும் அங்கேயே படியும். படிந்தா காவிரிப் படுகை இன்னும் மேடாகும். மேடானா தண்ணி இன்னும் அதிகமாக் கொள்ளிடத்துக்குப் போகும். ஒரு தடவை ஆரம்பிச்சா தானா நிக்காத சுழல் இது.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை இப்படித்தான் போயிக்கிட்டிருந்தது. காவிரி வருஷா வருஷம் மேடாகிக்கிட்டே வந்தது. கம்பெனி ஆட்கள் கல்லணையின் உயரத்தைக் கூட்டிப் பார்த்தாங்க. தண்ணி நின்னது. ஆனா அணைக்கு மேல மணலும் சேர்ந்து நின்னது. இப்படியே விட்டிருந்தா, தஞ்சாவூர் வயல்களுக்குக் கல்லணை இருந்தும் தண்ணி இல்லாத நிலைமை வந்திருக்கும்.

கல்லணையிடம் பாடம் கேட்டவர்

கல்லணையைப் பற்றி நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துட்டாங்க. கரிகால் சோழன் கட்டியது. ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமை. 1,080 அடி நீளம், 40-லிருந்து 60 அடி அகலம். ஆனா அதில் நாம் கவனிக்காத ஓர் அதிசயம் இருக்கு. அது நிக்கிறது மணல் மேல. கீழே பாறை கிடையாது.

ஆற்று மணல் மேல அணை கட்ட முடியும்னு அன்றைய ஐரோப்பியப் பொறியாளர்கள் எளிதா நம்பலை. அஸ்திவாரத்துக்குப் பாறை வேணும்னுதான் அவங்க படிச்சிருந்தாங்க. காட்டன் கல்லணையின் அடிப்பகுதியைத் தோண்டிப் பார்த்தார். பெரிய கற்களை ஆற்றில் போட்டிருக்காங்க. தண்ணி அடியில் மணலை அரிக்க அரிக்க, கல் தன் எடையிலேயே கீழே இறங்கும். அதன் மேல இன்னொரு வரிசைக் கல். அதுவும் இறங்கும். இனி இறங்காதுன்னு ஆன பிறகு மேலே களிமண் பூச்சில் கல் அடுக்கு. மணலோட சண்டை போடாம, மணல் எப்படி நடந்துக்கும்னு தெரிஞ்சு கட்டியிருக்காங்க.

காட்டன் இதை மறைக்கலை. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுறதை இந்த நாட்டின் பழைய கட்டுமானக்காரர்களிடம்தான் தாங்கள் கற்றுக்கொண்டதாகப் பின்னாளில் அவரே எழுதி வெச்சார். ஆள வந்த கம்பெனியின் அதிகாரி ஒருத்தர் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டது சின்ன விஷயம் இல்லை.

அவர் முதலில் செய்த காரியம், கல்லணையின் ஒரு பகுதியைத் திறந்து மணற்போக்கிகள் வைத்தது. அதாவது, தண்ணியோட சேர்ந்து மணலும் அடியில் வெளியேறுவதற்கான மதகுகள். இது நடந்தது 1830-ஐ ஒட்டி. 2,000 வருஷமா நிக்கிற அணையில் 27 வயசுப் பொறியாளர் கை வைக்கிறார்னா எவ்வளவு தைரியம் வேணும், யோசிச்சுப் பாருங்க. தப்பா போயிருந்தா மொத்த டெல்டாவும் போயிருக்கும்.

முக்கொம்பும் அணைக்கரையும்

கல்லணையில் மணலை வெளியேத்தினா மட்டும் போதாதுன்னு அவருக்குத் தெரியும். நோயின் மூலம் மேலே இருக்கு, முக்கொம்பில். அங்கேயே கொள்ளிடத்துக்குள் போற தண்ணியைத் தடுக்கணும். அதுக்காகத்தான் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை. உயரமான அணை இல்லை, குறுக்கே ஒரு தாழ்வான கல் தடுப்பு. சாதாரண நாளில் தண்ணி காவிரிக்குத் திரும்பும். வெள்ளம் வந்தா மேலே வழிந்து கொள்ளிடத்துக்குப் போயிடும். கல்லணையில் கற்ற அதே பாடம்தான், மணல் மேல அஸ்திவாரம்.

அங்கிருந்து கிழக்கே 100 கிலோமீட்டர் தூரத்தில், கும்பகோணத்துக்கு வடக்கே அணைக்கரையில் கீழணை. மேலே தடுத்தா கீழே கொள்ளிடத்தை நம்பியிருக்கிற வயல்கள் காயும் இல்லையா? அதனால கொள்ளிடத்தில் மிஞ்சி வரும் தண்ணியை அங்கே நிறுத்தி இரண்டு கரைக்கும் பிரித்துக் கொடுத்தாங்க. வடவாறு வழியா வீராணம் ஏரிக்குப் போகும் தண்ணி இங்கிருந்துதான் கிளம்புது. நீங்க சென்னையில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீங்கன்னா ஒரு தகவல்: 2004-லிருந்து வீராணம் தண்ணி சென்னைக்கும் வருது. உங்க வீட்டுக் குழாயிலும் கீழணை வழியா வந்த தண்ணி கலந்திருக்கலாம்.

1836-ஐ ஒட்டி இரண்டு அணையும் பயன்பாட்டுக்கு வந்தபோது காட்டனுக்கு வயது 33.

எல்லாம் சுபம்னு இங்கே முடிச்சிட முடியாது. சில வருஷத்திலேயே எதிர்ப்பக்கம் பிரச்னை கிளம்பியது. இப்போ காவிரிக்குத் தண்ணி கூடிப்போச்சு. படுகையும் கரையும் அரிக்க ஆரம்பிச்சது. மேலணையின் உயரத்தை ஒரு பகுதியில் குறைத்து, காவிரியின் தலைப்பிலும் குறுக்கே ஒரு தடுப்பு போட்டு, இரண்டு ஆற்றுக்கும் சமன் கொண்டுவந்தாங்க. ஆற்றை ஒரு தடவை சரிபண்ணிட்டு வீட்டுக்குப் போயிட முடியாது. கூடவே இருந்து பார்த்துக்கிட்டே இருக்கணும்.

இன்னொன்றையும் சொல்லியாகணும். கம்பெனி இந்த அணைகளுக்குக் காசு கொடுத்தது நம்ம மேல பாசத்தில் இல்லை. தண்ணி வந்தா விளைச்சல் வரும், விளைச்சல் வந்தா நிலவரி வரும். காட்டனே தன் திட்டங்களுக்குப் பணம் கேட்டப்போ, போட்ட முதலுக்கு இவ்வளவு வருமானம் திரும்பும்னு கணக்குக் காட்டித்தான் கேட்டார். விளைச்சலின் லாபம் பெரும்பாலும் மிராசுதார் வீட்டுக் களஞ்சியத்துக்குத்தான் போனது. ஆற்றில் இடுப்பளவு தண்ணியில் நின்னு கல் சுமந்த ஆணும் பெண்ணும் யார் யார்னு எந்தக் கல்வெட்டிலும் இல்லை. காட்டன் பெயரைச் சொல்லும்போது அவங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கலாம்.

செங்குன்றம் ரயில், டாஸ்மேனியா கல்யாணம், கோதாவரி

இதே காலத்தில் காட்டன் இன்னொரு வேலையும் பார்த்தார். சென்னையில் சாலை போடக் கல் வேணும். செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கல் ஏற்றி வர 1837-ல் தண்டவாளம் போட்டு வண்டி ஓடியது. இந்தியாவின் முதல் ரயில் பாதைன்னு சொல்லப்படுவது இதுதான். பின்னாளில் ரயிலுக்கு எதிரா இங்கிலாந்தையே ஒரு கலக்குக் கலக்கப்போற மனிதர்தான் இதைப் போட்டது என்பது வேடிக்கை.

ஓயாத அலைச்சலிலும் வெயிலிலும் உடம்பு கெட்டது. ஓய்வுக்காக ஆஸ்திரேலியப் பக்கம் போனார். 1841-ல் டாஸ்மேனியா தீவில் எலிசபெத் லியர்மன்த் என்பவரோடு கல்யாணம். அடுத்த வருஷம் பெண் குழந்தை. அம்மா பெயரையே குழந்தைக்கும் வெச்சாங்க. இந்தப் பெண் கடைசியில் மறுபடி வருவார், நினைவில் வெச்சுக்கோங்க.

திரும்பி வந்தவருக்கு அடுத்து கோதாவரி. பஞ்சமும் புயலும் அடித்துப்போட்ட டெல்டா அது. 1830-களின் தொடக்கத்தில் தெலுங்கு மாவட்டங்களில் வந்த பஞ்சத்தில் ஊர் ஊரா மக்கள் செத்தாங்க. பக்கத்திலேயே அவ்வளவு பெரிய ஆறு வீணா கடலில் போய்க்கிட்டிருந்தது. காவிரியில் கற்ற பாடத்தை வெச்சு, தவளேஸ்வரத்தில் அணை கட்டணும்னு காட்டன் அறிக்கை கொடுத்தார். 1847-ல் தொடங்கி 1852-ல் முடிச்சார். இங்கேயும் மணல் மேலதான் அஸ்திவாரம். கரிகாலன் காலத்துக் கல்லணையின் அறிவு, காட்டன் வழியா கோதாவரிக்குப் போனது.

இன்னிக்கும் கோதாவரி மாவட்டங்களுக்குப் போனீங்கன்னா ஊருக்கு ஊர் காட்டன் சிலையைப் பார்ப்பீங்க. மே 15 வந்தா மாலை போடுறாங்க. தவளேஸ்வரத்தில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கு. ஹைதராபாத் டேங்க் பண்ட் சாலையில் தெலுங்குப் பெரியவர்களின் சிலை வரிசையில் அவருக்கும் இடம் கொடுத்திருக்காங்க. அவர் பாடம் படித்த காவிரிக் கரையில், நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

தோற்ற சண்டைகள்

1860-ல் பணி ஓய்வு. 1861-ல் சர் பட்டம். ஊருக்குப் போய் ஓய்வா உட்கார்ந்திருக்கலாம். அவர் உட்காரலை.

அந்த நாளில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் ரயிலுக்குக் கோடிகோடியாக் கொட்டிக்கிட்டிருந்தது. அதில் ஒரு பங்கைக் கால்வாய்க்குக் கொடுங்க, பாசனமும் நடக்கும், படகில் சரக்கும் போகும், நதிகளையும் இணைக்கலாம்னு காட்டன் விடாம எழுதினார், பேசினார். 1876-லிருந்து 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னிந்தியாவை உருட்டிப் போட்டது. லட்சக்கணக்கில் செத்தாங்க. ரயில் போன ஊரிலும் செத்தாங்க, ஏன்னா ரயில் தானியத்தை விளைவிக்காது, ஏற்றிக்கிட்டு மட்டும்தான் போகும். காவிரித் தண்ணி பாய்ந்த தஞ்சாவூர் அந்தப் பஞ்சத்தின் கொடுமையிலிருந்து பெருமளவு தப்பியது.

1878-ல் இங்கிலாந்து நாடாளுமன்றக் குழு இதை விசாரிச்சப்போ 75 வயது காட்டன் நேரில் போய்ப் பதில் சொன்னார். அவர் வாதம் ஜெயிக்கலை. துங்கபத்திரைப் பக்கம் அவர் யோசனையில் தனியார் கம்பெனி வெட்டிய கால்வாயும் போட்ட பணத்தை எடுக்காம நொடிச்சுப்போய், கடைசியில் அரசு வாங்கிக்கொண்டது. எதிராளிகளுக்கு அதுவே ஆயுதம் ஆச்சு. அவர் போட்ட கணக்கு எல்லாமே பலிச்சதுன்னு சொல்ல முடியாது. ஆனா மக்கள் சாப்பிடுறதுக்குத் தண்ணிதான் முதல்ல வேணும்னு அவர் சொன்னதை அந்தப் பஞ்சத்துக்கு அப்புறம் யாராலும் தள்ளிவிட முடியலை.

டார்கிங்கின் காபி ரூம்

கடைசிக் காலத்தைக் கழிக்க அவர் தேர்ந்தெடுத்த ஊர்தான் டார்கிங். அவருடைய மகள் எலிசபெத் 1870-களில் அந்த ஊரில் ஒரு காபி ரூம் தொடங்கினார். வேலை முடிஞ்சு நேரா சாராயக் கடைக்குப் போற உழைப்பாளிகளை இந்தப் பக்கம் திருப்பத்தான். அப்பா காவிரியில் தண்ணியைத் திருப்பினார், மகள் இன்னொரு ‘தண்ணி’யிலிருந்து ஆட்களைத் திருப்பப் பார்த்தார்! அந்த அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1900-ல் வெளியிட்டதும் இதே மகள்தான்.

காட்டனோ தோட்டத்தில் இறங்கிட்டார். மண்ணை ஆழமாகக் கிளறினா கோதுமை எவ்வளவு கூடுதலா விளையும்னு சோதனை. தண்ணி முடிஞ்சது, இப்போ மண்.

அவருக்கு 82 வயது ஆனபோது, 1885-ல், இன்னிக்கு நாம் ஓட்டுற மாதிரி இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள, செயின் போட்ட சைக்கிளை ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்தில் சந்தைக்குக் கொண்டுவந்தார். மூன்று வருஷத்தில் டன்லப்பின் காற்றடைத்த டயர். 1890-களில் லண்டனிலிருந்து சர்ரே குன்றுகளின் கிராமத்துச் சாலைகளுக்கு சைக்கிள்காரங்க வந்து குவிந்தாங்க. சைக்கிளே இல்லாத காலத்தில் டெல்டா முழுக்கக் குதிரையிலும் நடந்தும் சரிவு பார்த்த கிழவர், அதே ஊரில் 90-களைக் கடந்துகொண்டிருந்தார்.

1899 ஜூலை 24 அன்று, 96 வயதில் டார்கிங்கில் காலமானார்.

2018: மறுபடி முக்கொம்பு

கதை அங்கே முடியலை. 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்த முக்கொம்பு மேலணையில், கொள்ளிடம் பக்கம் 9 ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. காட்டன் போட்ட தடுப்பு வரிசையில் பின்னாளில் ஏறிய மதகுகள் அவை. ஆற்றில் அளவில்லாம மணல் அள்ளியதுதான் காரணம்னு விவசாயிகள் குற்றம்சாட்டினாங்க. அரசு மறுத்தது. பாறைகளையும் மணல் மூட்டைகளையும் கொட்டி அடைச்சாங்க. பிறகு பக்கத்தில் புது அணை எழும்பியது. கொள்ளிடத்தில் தண்ணி கரைபுரண்ட அதே நாட்களில், கடைமடை வயலுக்குத் தண்ணி வந்து சேரலைன்னு டெல்டாவின் கிழக்கு ஓரத்தில் விவசாயிகள் கேட்டுக்கிட்டிருந்தாங்க.

1828-ல் காட்டன் முன்னால இருந்த கேள்வியேதான் இது. மணல் எங்கே இருக்கு, தண்ணி எந்தப் பக்கம் சரியுது, கடைசி வயலுக்குப் போய்ச் சேருதா? மேட்டூர் அணை 1934-லேயே வந்துடுச்சு. ஆனா அங்கே திறந்த தண்ணி வேதாரண்யம் பக்கத்துக் கடைசி வாய்க்கால் வரை போகணும்னா, நடுவில் உள்ள ஒவ்வொரு மதகையும் படுகையையும் யாராவது பார்த்துக்கிட்டே இருக்கணும்.

இனி உங்க ரைடு

பாக்ஸ் ஹில் ஏற லண்டனுக்கு டிக்கெட் போடணும். காட்டன் ரூட்டுக்குத் திருச்சி வரைக்கும் ஒரு டிக்கெட் போதும். விடியற்காலை முக்கொம்பில் கிளம்புங்க. ஸ்ரீரங்கம், கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், திருப்பனந்தாள், அணைக்கரை. மொத்தம் சுமார் 120 கிலோமீட்டர். பழக்கம் உள்ளவங்க ஒரே நாளில் முடிக்கலாம். புதுசா ஓட்டுறவங்க திருவையாறு பக்கமோ கும்பகோணத்திலோ ராத்தங்கி இரண்டு நாளாப் பிரிச்சுக்கோங்க. கியர் சைக்கிள் கட்டாயம் இல்லை, ஏன்னா வழியில் மலையே கிடையாது. டெல்டாவில் காற்றுதான் மலை. ஆடி மாசத்தில் மேற்கிலிருந்து அடிக்கும், அதனால முக்கொம்பிலிருந்து கிழக்கே ஓட்டினா முதுகில் தள்ளிவிடும். திருப்பி ஓட்டினீங்கன்னா பாக்ஸ் ஹில் என்னன்னு இங்கேயே தெரிஞ்சுடும். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்துடுங்க. பொங்கல் முடிஞ்ச கையோட போனா சம்பா அறுவடை நடந்துக்கிட்டிருக்கும். தண்ணி பாட்டில் இரண்டு, பஞ்சர் கிட், தலைக்கு ஒரு துண்டு.

கல்லணையில் யானை மேல உட்கார்ந்திருக்கிற கரிகாலன் சிலைக்கு முன்னால ஒரு செல்ஃபி எடுத்துக்கோங்க. எடுத்த பிறகு, பாலத்தில் இறங்கி நின்னு இரண்டு பக்கமும் பாருங்க. ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் கொள்ளிடம் இருக்கிற தாழ்வு. நடுவில் மணல் மேல கல் அடுக்கு.

அங்கிருந்து கிழக்கே பெடல் போட ஆரம்பிச்சதும், கொஞ்ச தூரத்தில் மிதிக்காமலே வண்டி லேசா உருளுற மாதிரி ஓர் உணர்வு வரும். காற்றா, சரிவான்னு சொல்ல முடியாது. பக்கத்து வாய்க்காலில் தண்ணியும் உங்க கூடவே அதே திசையில் போய்க்கிட்டிருக்கும்.